குறைந்த விலைத் தொலைக்காட்சியில் நல்ல படம் பெறுவது

மட்டக்களப்பின் நாவற்குடா ஒடுங்கிய நிலம். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே கல்முனைக்குப் போகும் பெருந்தெரு. காலையில் கடல் பக்கத்திலிருந்தும் பின்னேரம் வாவிப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வீடுகளுக்குள் தாழ்ந்து விழுகிறது. வெக்கைக்காகக் கதவும் யன்னலும் பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும். முன்மண்டபத்தில் ஒருவர் கதிரையில், இரண்டு பேர் பாயில், இன்னொருவர் குசினி வாசலில் நின்றபடி என்று ஆளுக்கொரு கோணத்திலிருந்து டிவி பார்ப்பார்கள். தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு உலக அளவில் செய்யப்படும் மதிப்பீடுகள் பெரும்பாலும் இருட்டிய அறையில், திரைக்கு நேர் எதிரே, மிகத் தெளிவான படத்தை ஓடவிட்டுச் செய்யப்படுபவை. அந்த மூன்றும் எங்கள் வீடுகளில் இல்லை. ஆகவே இந்த வெளிச்சத்தில், இந்தக் கோணங்களில், எங்கள் கைக்கெட்டும் விலையில் எது நல்ல படம் தரும் என்பதை நாங்களேதான் கேட்டுப் பதில் தேட வேண்டியிருக்கிறது.

விலை குறைந்த டிவியில் படத்தின் தரத்தை மூன்று காரியங்கள் தீர்மானிக்கின்றன: உள்ளே இருக்கும் பெனலின் வகை, அதற்கு எந்த வழியாகச் சமிக்ஞை வந்து சேர்கிறது என்பது, வாங்கிய பின் செற்றிங்கைத் திருத்தினோமா என்பது. பெட்டிக்கு வெளியே பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் விபரங்களில் இவற்றைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. இந்தக் கட்டுரை அந்த மூன்றையும் பற்றியது.

இலங்கையில் ஐ.ரி.என். 1979 ஏப்ரலிலும் ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் ஒளிபரப்பைத் தொடங்கின. அன்றிலிருந்து அன்ரனா வழியாக எங்களுக்கு வருவது 625 கோட்டுப் படம். அதில் கண்ணுக்குத் தெரிபவை 576 கோடுகள். ஜப்பானிய டிஜிட்டல் முறைக்கு மாறுவதென்று 2014இல் முடிவெடுத்தும் அந்த மாற்றம் இழுபட்டுக்கொண்டே போகிறது. இதற்கிடையில் வீட்டுத் திரைகள் 14 அங்குலக் குழாய் டிவியிலிருந்து 43, 55 அங்குலத்துக்கு வளர்ந்துவிட்டன. அதே 576 கோடுகளை எட்டு மடங்குக்கும் அதிகமான பரப்பில் விரித்துப் பார்க்கிறோம். புது டிவி வாங்கியவர்கள் "பழைய டிவியிலேயே படம் நல்லா இருந்தது" என்று சொல்வது வெறும் பழக்கதோஷமல்ல. பாதிக்கு மேல் அது உண்மை.

2020இல் டொலர்த் தட்டுப்பாட்டோடு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. 2021 செப்டம்பரில் வீட்டு மின்சாதனங்கள் உட்பட நூற்றுக்கணக்கான பொருட்களின் இறக்குமதிக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே வங்கியில் வைப்பிட வேண்டுமென்று மத்திய வங்கி விதித்தது. 2022இல் ரூபாய் சில வாரங்களிலேயே சரிந்து, ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. ஒரு டிவியை இரண்டு மாதச் சம்பளத்தில் வாங்கிய குடும்பம் இப்போது தவணைக்குத்தான் வாங்குகிறது. தவணை முடியுமுன் படம் அலுத்துப்போனால் அந்தக் கவலை வேறு. அதனால்தான் தெரிவு செய்யும்போது கவனம் முன்னைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

பெனலிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் வாங்கிய பின் மாற்ற முடியாதது அது ஒன்றுதான். குறைந்த விலையில் கிடைப்பவை எல்லாம் எல்சிடி திரைகளே. "எல்இடி டிவி" என்று எழுதியிருப்பது பின்னாலிருந்து வெளிச்சம் தரும் எல்இடி விளக்குகளைத்தான் குறிக்கிறது. அந்த வெளிச்சத்தை மறைத்தும் திறந்தும் படத்தை உண்டாக்கும் எல்சிடி பெனலில் இரண்டு குடும்பங்கள் உண்டு. விஏ பெனல் கறுப்பை நன்றாகக் கறுப்பாகக் காட்டும். வெளிச்சமான இடத்துக்கும் கறுத்த இடத்துக்குமான விகிதம் அதில் 3000க்கு ஒன்று, 5000க்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். ஆனால் பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஐபிஎஸ் பெனலில் அந்த விகிதம் 1000க்கு ஒன்று என்ற அளவுதான். இரவுக் காட்சிகளில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். பதிலுக்கு, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் முகத்தின் நிறம் முகத்தின் நிறமாகவே இருக்கும்.

இருட்டறை மதிப்பீடுகள் விஏ பெனலையே புகழும். அந்த அறைகளுக்கு அது சரிதான். எங்கள் மண்டபத்தில் பகல் வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்பும்போது கறுப்பு எப்படியும் சாம்பலாகிவிடும். விஏ பெனலின் மேன்மையில் பெரும்பகுதி அந்த நேரத்தில் கரைந்துபோகும். அதன் குறையோ, பக்கத்தில் இருப்பவருக்கு நிறம் வெளிறுவது, அப்படியே இருக்கும். ஆகவே பகலிலும் பின்னேரத்திலும் பலர் சுற்றியிருந்து பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ் பெனலும், பிள்ளைகள் படுத்த பின் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பேர் படம் பார்க்கும் வீட்டுக்கு விஏ பெனலும் பொருந்தும் என்பது என் முடிவு. இரண்டும் நடக்கும் வீடென்றால் விஏ வாங்கி, திரையைக் கண் மட்டத்துக்கு இறக்கி, கதிரைகளை நடுவுக்குக் கொண்டுவருவது நல்லது. அலுமாரிக்கு மேலே, சாமிப் படங்களின் வரிசையில், தலைக்கு மேல் டிவியைப் பொருத்தும் வழக்கம் இரண்டு வகைக்கும் கெடுதல். விஏ பெனலைக் கீழிருந்து பார்த்தாலும் வெளிறும். அப்படித்தான் வைக்க வேண்டுமென்றால் முன்பக்கம் சாய்க்கக்கூடிய தாங்கியாவது வாங்குங்கள்.

எந்தப் பெனல் என்பதைப் பெட்டியில் எழுதமாட்டார்கள். ஒரே மொடல் இலக்கத்தில் வெவ்வேறு தொகுதிகளில் வெவ்வேறு பெனல் வருவதும் உண்டு. கடையிலேயே பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். மட்டக்களப்பு நகரத்துக் கடைகளிலும் காத்தான்குடிக் கடைகளிலும் யுஎஸ்பி செருகிப் பார்க்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஒரு யுஎஸ்பியில் முழுக் கறுப்பு, முழு வெள்ளை, நடுச் சாம்பல் என்று மூன்று படங்களும், இரவுக் காட்சி உள்ள ஒரு துண்டுப் படமும், நெருக்கத்தில் எடுத்த ஒரு முகமும் கொண்டுபோங்கள். முகத்தைத் திரையில் நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் நடந்து பாருங்கள்: நிறம் சட்டென்று வெளிறினால் விஏ, அப்படியே இருந்தால் ஐபிஎஸ். சாம்பல் படத்தில் அழுக்குப் படிந்ததுபோல் திட்டுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். கிரிக்கெட் மைதானத்தின் பச்சையில் கமரா நகரும்போது கண்ணை உறுத்தப்போவது அந்தத் திட்டுகள்தான். வெள்ளையில் கறுப்புப் புள்ளியும் கறுப்பில் வெள்ளைப் புள்ளியும் தேடுங்கள். கடையில் திறந்து காட்டிய பெட்டியையே வீட்டுக்குக் கொண்டுவருவது முக்கியம்.

வணிகப் பெயருக்கு எவ்வளவு கூடக் கொடுக்கலாம் என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. சாம்சங் தன் எல்சிடி பெனல் உற்பத்தியை 2022இல் நிறுத்திவிட்டது. ஜப்பானில் ஷார்ப்பின் சக்காய் ஆலை 2024இல் டிவி பெனல் உற்பத்தியைக் கைவிட்டது. இன்று உலகத்தின் டிவி எல்சிடி பெனல்களில் பெரும்பகுதி பிஓஇ, சிஎஸ்ஓடி, எச்கேசி போன்ற சீன நிறுவனங்களிலிருந்து வருகிறது. பெரிய பெயர் பொறித்த மலிவு டிவிக்குள்ளும் உள்ளூர்ப் பெயர் பொறித்த டிவிக்குள்ளும் ஒரே ஆலையின் பெனல் இருக்கக்கூடும். பெரிய பெயருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது தெளிவு குறைந்த படத்தைப் பெரிதாக்கும் திறமை, தரப் பரிசோதனை, உதிரிப்பாகம், திருத்துமிடம். இவற்றில் முதலாவது, அன்ரனாவிலும் டிஷ்ஷிலும் பார்ப்பவர்களுக்குப் பெறுமதியானது. கடைசி இரண்டும் மட்டக்களப்பிலேயே கிடைத்தால்தான் பெறுமதி. கொழும்புக்கு அனுப்ப வேண்டுமென்றால் பாதிப் பெறுமதி போய்விடும்.

அடுத்தது அளவு. கடைகளில் அதிகம் பேசப்படுவது 4கே. கண்ணுக்கு ஒரு கணக்கு உண்டு: ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைவிடச் சிறிய விபரத்தை நல்ல பார்வையுள்ளவராலும் பொதுவாகப் பிரித்தறிய முடியாது. 43 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 95 சென்றிமீற்றர். அதில் 1920 புள்ளிகள் இருந்தால் ஒரு புள்ளி அரை மில்லிமீற்றர். 1.7 மீற்றருக்கு அப்பால் அந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. 4கே திரையின் புள்ளியைப் பிரித்துப் பார்க்க 85 சென்றிமீற்றருக்குள் போய் உட்கார வேண்டும். மண்டபத்தில் இரண்டரை, மூன்று மீற்றர் தள்ளி இருப்பவருக்கு 43 அங்குலத்தில் முழு எச்டியும் 4கேயும் ஒன்றுதான். 32 அங்குல "எச்டி ரெடி" திரையில்கூட 1.8 மீற்றருக்கு அப்பால் புள்ளி தெரியாது.

இதே கணக்கைச் சமிக்ஞையின் பக்கத்திலிருந்து போட்டால்தான் உண்மையான பயன் கிடைக்கிறது. அன்ரனாவின் 576 கோட்டுப் படத்தை 32 அங்குலத்தில் 2.4 மீற்றரிலும், 43 அங்குலத்தில் 3.2 மீற்றரிலும், 55 அங்குலத்தில் 4 மீற்றருக்குச் சற்று அப்பாலும் இருந்து பார்த்தால் அதன் கரடுமுரடு கண்ணுக்கு மறையும். அதைவிட நெருங்கினால் குறைகளைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறோம். எங்கள் பக்கத்து மண்டபங்களில் நான்கு மீற்றர் தள்ளி உட்கார இடமுள்ளவை அதிகமில்லை. சக்தி, வசந்தம், நேத்ரா அலைவரிசைகளின் செய்தியும் சீரியலும்தான் முக்கியமென்ற வீட்டுக்கு 43 அங்குலம் போதும், 32உம் குறைவில்லை. 55 அங்குலம், யூடியூப்பிலும் இணையப் படங்களிலும் பெரும்பொழுது கழியும் வீட்டுக்கே நியாயமாகும். 43 அங்குலத்தில் முழு எச்டியும் 4கேயும் ஏறக்குறைய ஒரே விலையென்றால் பெனல் எது நல்லதோ அதை எடுங்கள். புள்ளி எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம்.

எச்டிஆர் என்ற சொல்லுக்கு இந்த விலையில் ஒரு ரூபாயும் கூடக் கொடுக்கத் தேவையில்லை. அந்த முறையில் படங்கள் 1000 நிட்ஸும் அதற்கு மேலும் பிரகாசமுள்ள திரைகளை மனதில் வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. மலிவு டிவிகளின் பிரகாசம் 200, 300 நிட்ஸ் அளவில் நின்றுவிடும். எச்டிஆர் சமிக்ஞையை அவை ஏற்கும், காட்டாது. சில டிவிகளில் படம் வழமையைவிட இருண்டும் போகும். "பத்து இலட்சத்துக்கு ஒன்று" என்று எழுதப்படும் டைனமிக் கொன்ட்ராஸ்ட் எண்ணும் அப்படித்தான்: கறுப்புக் காட்சியில் பின்னொளி முழுவதையும் அணைத்து அளந்தது. ஒரே காட்சிக்குள் இருளும் ஒளியும் சேர்ந்து வரும்போது அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

ஸ்மார்ட் வசதியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. கூகிளின் அங்கீகாரம் பெற்ற அண்ட்ரொய்ட் டிவியா, அல்லது அண்ட்ரொய்டை இலவசமாக எடுத்துப் பதித்த வேறொன்றா? இரண்டாவதில் யூடியூப் ஓடும். நெட்ஃபிளிக்ஸ் போன்றவை திருட்டுப் பிரதிக்கு எதிரான பாதுகாப்பின் உயர்நிலை அதில் இல்லாததால் தெளிவு குறைந்த படத்தையே அனுப்பும். 4கே பெனல் வாங்கியவர் குழாய் டிவிக் காலத்துத் தெளிவில் படம் பார்ப்பார். இணையத்தின் வேகமும் இதில் சேரும். முழு எச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கேக்கு 15 என்பது நெட்ஃபிளிக்ஸின் கணக்கு. 4கே ஒரு மணி நேரத்தில் 7 ஜிபி வரை தின்னும். 4ஜி றௌட்டரில் டேட்டா பொதி போட்டு ஓட்டும் வீட்டில் அது கட்டுப்படியாகாது.

சமிக்ஞையைப் பொறுத்தவரை, மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றம் தரும் காரியம் ஒன்றுண்டு. டிஷ் பெட்டியிலிருந்து டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று தலையுள்ள வயர் போயிருந்தால் அதைக் கழற்றி எச்டிஎம்ஐ கேபிள் மாட்டுங்கள். மஞ்சள் வயர் ஒன்றுக்குள் நிறத்தையும் வெளிச்சத்தையும் கலந்து அனுப்புகிறது. டிவி அவற்றைத் திரும்பப் பிரிக்கும்போது ஓரங்கள் கரையும், கோடு போட்ட சட்டையில் வானவில் ஓடும். அதன் வழியே எச்டி படம் போகவே போகாது. எச்டி அலைவரிசைக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டு மஞ்சள் வயரில் பார்க்கும் வீடுகள் பல. கேபிள் விலை கூடியதாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டு மீற்றர் தூரத்துக்கு மலிவான எச்டிஎம்ஐ கேபிளும் விலை கூடியதும் தரும் படம் ஒன்றே. மாட்டிய பிறகு பெட்டியின் மெனுவுக்குள் போய் வெளியீட்டை 1080க்கும் 16:9க்கும் மாற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் கேபிள் மாறியும் படம் மாறாது.

அன்ரனாவில் எங்கள் எதிரி உப்புக்காற்று. கடலிலிருந்து சில நூறு மீற்றரில், தென்னைகளுக்கு மேலே பைப்பில் நிற்கும் அன்ரனாவின் மூட்டுகள் இரண்டு மூன்று வருடத்தில் பூத்துப்போகின்றன. கேபிளின் வெளித்தோல் வெடித்து உள்ளே ஈரம் இறங்கினால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும். டிவியைக் குறை சொல்வதற்கு முன் ஆர்ஜி-6 கேபிள் புதிதாகப் போட்டு, மூட்டுகளைச் சுரண்டித் துடைத்து, தண்ணீர் புகாதபடி சுற்றிக் கட்டிப் பாருங்கள். டிஷ்ஷில் வருவது வேறு வகைக் கெடுதி. நவம்பரிலிருந்து வாடைமழை இறங்கும்போது செய்மதிச் சமிக்ஞையை மழைத்துளிகளே உறிஞ்சிவிடும். படம் சதுரம் சதுரமாக உடைந்து நிற்கும். அதைச் செற்றிங்கில் திருத்த முடியாது. டிஷ் கொஞ்சம் திசை தப்பியிருந்தால் சாதாரண மழைக்கே உடையும் என்பதால், மாரிக்கு முன் ஒருமுறை திசையைச் சரிபார்ப்பது பயன் தரும்.

இனி செற்றிங். செலவில்லாத வேலை, ஆனால் அதிகம் கைவிடப்படுவதும் இதுதான். கடையின் பளீர் வெளிச்சத்தில் பக்கத்து டிவியை வெல்வதற்காக விவிட் அல்லது டைனமிக் என்ற நிலையில் டிவிகளை வைத்திருப்பார்கள். வீட்டிலும் அதே நிலையில் ஓடினால் முகமெல்லாம் நீலம் பாய்ந்து, மாநிறம் சாம்பலாகி, கூறைச்சேலையின் சிவப்பில் நூலோட்டம் மறைந்து ஒரே தட்டாகத் தெரியும். மூவி அல்லது சினிமா நிலைக்கு மாற்றுங்கள். நிற வெப்பநிலையை வோர்ம் ஆக்குங்கள். முதல் இரண்டு மூன்று நாள் படம் மஞ்சளாகத் தெரியும். கண் பழகியதும் பழைய நிலைக்குப் போனால் நீலம் தாங்காது. படத்தைத் தயாரிப்பவர்கள் பார்க்கும் வெள்ளைக்கு நெருக்கமானது வோர்ம் வெள்ளைதான்.

பிரைட்னஸ் என்பது பெயருக்கு மாறாகக் கறுப்பைத் தீர்மானிக்கிறது. கொன்ட்ராஸ்ட் வெள்ளையைத் தீர்மானிக்கிறது. மொத்த வெளிச்சம் பேக்லைட்டில் இருக்கிறது. இதற்குச் சோதனைப் படம் தேடி அலைய வேண்டாம். வெள்ளை வேட்டி சால்வையோடு ஒருவர் பேசும் செய்திக் காட்சியை நிறுத்துங்கள். சால்வையின் மடிப்புகள் தெரியும்வரை கொன்ட்ராஸ்ட்டைக் குறையுங்கள். அவருடைய தலைமயிரில் இழைகள் தெரியத் தொடங்கும்வரை பிரைட்னஸை ஏற்றி அதற்கு மேல் விடாதீர்கள். பகலுக்கு பேக்லைட்டைக் கூட்டியும் இரவுக்குக் குறைத்தும் வையுங்கள். ஷார்ப்னஸைக் கீழே ஓடும் செய்தி வரியை வைத்துப் பார்க்கலாம். எழுத்துகளைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிந்தால் அது மறையும்வரை இறக்குங்கள். அந்த விளிம்பு டிவி போட்டது, படத்தில் இல்லாதது. இரைச்சல் குறைக்கும் வசதியை அன்ரனாவுக்கு வைத்துக்கொண்டு எச்டிஎம்ஐக்கு அணைத்துவிடலாம். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இருந்தால் கிரிக்கெட்டுக்கு விருப்பமானால் வையுங்கள். நொடிக்கு 24 படமாக எடுத்த சினிமாவுக்கு அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சினிமா சீரியலாகத் தெரியும்.

படத்தின் வடிவத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மன வருத்தமே உண்டு. எழுபதுகளின் தொடக்கம்வரை வந்த தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் 4:3 சட்டத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றை 16:9 திரை முழுக்க இழுத்து நிரப்பினால் சாவித்திரியின் முகமும் சிவாஜியின் முகமும் மூன்றில் ஒரு பங்கு அகன்றுவிடும். இருபக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தாலும் பரவாயில்லை என்று அந்த முகங்களை அவற்றின் வடிவிலேயே பார்க்க வேண்டும். 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அதற்கு மேலும் கீழும் பட்டை விழுவது இயல்பு. பட்டையை ஒழிக்க ஸூம் போட்டால் நடிகரையும் அரங்கையும் வெட்டுகிறோம். ஒரு சோதனை: திரையில் ஒரு மணிக்கூடோ வண்டிச் சில்லோ வரும்போது வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐயில் "ஸ்கிரீன் ஃபிற்" அல்லது "ஜஸ்ற் ஸ்கான்" என்ற தெரிவு இருந்தால் அதை வையுங்கள். ஓரத்தில் டிவி வெட்டித்தள்ளும் பகுதி திரும்பக் கிடைப்பதோடு படமும் கூர்மையாகும்.

பேக்லைட்டைக் குறைப்பதால் இன்னும் இரண்டு நன்மை. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் அடுத்தடுத்துப் பெரிதாக ஏறியதை எவரும் மறக்கவில்லை. 80 வாற் இழுக்கும் 43 அங்குல டிவி நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 12 அலகு. அதில் பெரும்பங்கு பின்னொளிக்கே போகிறது. மற்றது டிவியின் ஆயுள். மலிவு டிவிகளில் விளக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொன்றையும் அதிகமாக வருத்தி எரியவைக்கிறார்கள். நூறு வீதத்தில் ஓடும் டிவியில் சில வருடங்களில் வெள்ளை ஊதாவாக மாறத் தொடங்கும். பிறகு ஒரு விளக்குப் போக, அதனோடு தொடராக இணைந்த வரிசையே அணையும். சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் இருட்டில் கைவிளக்கைத் திரைக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பெனல் நலம். விளக்குப் பட்டிகளை மட்டும் மாற்றித்தர நகரத்திலேயே ஆள் உண்டு, செலவும் தாங்கக்கூடியது. பெனல் வெடித்திருந்தால் அந்தச் செலவு புது டிவியை நெருங்கும். ஆகவே வாங்கும்போதே உத்தரவாதப் பத்திரத்தில் பெனலுக்கு எத்தனை வருடம் என்று தனியாக எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். மின்னலாலும் வோல்ட்டேஜ் ஏற்றத்தாலும் வரும் சேதத்தைப் பெரும்பாலும் உத்தரவாதம் ஏற்காது. சித்திரை மாதப் பின்னேரங்களிலும் ஐப்பசியிலும் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றுவதோடு டிஷ் வயரையும் அன்ரனா வயரையும் கழற்றிவிடுங்கள். பிளக்கை மட்டும் இழுத்த வீடுகளிலும் வயர் வழியே இறங்கிய மின்னல் எச்டிஎம்ஐ வாசலை எரித்திருக்கிறது.